அரளி வேர் எண்ணெய், காய்ந்த இலை, கவாத்துக் கழிவு: சில சந்தேகங்கள்

கொல்லைப்புறம்:
வாசலோரம் செவ்வரளி ரெண்டு, மஞ்சள் அரளி ஒண்ணு நிக்குது. பத்தடி தள்ளி மாட்டுக்கொட்டில். படர்தாமரைக்கு அரளி வேர்ப்பட்டையை நல்லெண்ணெயில காய்ச்சித் தடவலாம்னு சொல்றாங்க. எந்த அரளி, என்ன அளவு? அப்புறம், இலை காய்ஞ்சா விஷம் போயிடுமா? கவாத்து பண்ணின குப்பையை எங்க போடுறது?

கல்வம்:
மருந்துக்கு எடுப்பது செவ்வரளி, வெள்ளரளி வேர்ப்பட்டை. ஆயுர்வேதத்தில் கரவீரம் என்பது இதுதான். மஞ்சள் அரளி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த வேறு இனம். அதன் பட்டையை இதற்குப் பதிலாகப் போடக்கூடாது.

வேரை அப்படியே எண்ணெயில் போடும் வழக்கமும் கிடையாது. துணியில் முடிந்து, பானையின் அடியைத் தொடாமல் பசும்பாலில் தொங்கவிட்டு அவித்து, நஞ்சைக் குறைத்துச் சுத்தி செய்வார்கள். அவித்த பாலை நாய், பூனை நக்காத இடத்தில் குழி தோண்டி ஊற்றணும். பிறகு தைலத்துக்குப் பொதுவான கணக்கு: கற்கம் (அரைத்த மருந்து விழுது) 1 பங்கு, எண்ணெய் 4, நீர்ச்சரக்கு (சாறு, கஷாயம் போன்றவை) 16. கற்கம் மெழுகுபதம் வந்து, அதைத் திரியில் தடவிக் கொளுத்தினால் சடசடக்காமல் எரியணும். சடசடத்தால் ஈரம் இருக்கு, தைலம் கெட்டுப்போகும்.

இவ்வளவு சொன்னாலும் வீட்டில் காய்ச்ச வேண்டாம் என்பதுதான் என் பதில். வேரில் எவ்வளவு நஞ்சு இருக்கு என்பது செடிக்குச் செடி மாறும், அடுப்படியில் அளக்க வழியில்லை. காய்ச்சின வாணலியும் கரண்டியும் அடுத்த நாள் தாளிப்புக்குத்தான் போகும். மருந்துச் சட்ட விதிகளின் ஈ1 அட்டவணையில் கரவீரம் நச்சுச் சரக்கு. உரிமம் பெற்ற தயாரிப்பை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்க. அதையும் சொறிந்து புண்ணான இடத்தில் தடவாதீங்க, வெடித்த தோல் வழியா நஞ்சு உள்ளே இறங்கும். உள்ளுக்கு? பேச்சே வேண்டாம்.

தொழுவம்:
இலை காய்ஞ்சாலும் விஷம் போகாது, கொதிச்சாலும் போகாது. சொல்லப்போனா காய்ஞ்சதுதான் மோசம். பச்சை இலை கசக்கும், மாடு மோந்துட்டு விட்டுடும். காய்ஞ்சு சோளத்தட்டை மாதிரி தீவனத்தோட சேர்ந்து வெட்டும் மெஷின்ல போயிட்டா அதுக்கு அடையாளம் தெரியாது. உடல் எடையில கிலோவுக்கு 50 மில்லிகிராம் காய்ந்த இலை மாட்டைக் கொன்னுடும். 300 கிலோ பசுவுக்குக் கணக்குப் போடுங்க, 15 கிராம். ஒரு கைப்பிடி கூட வராது. தப்பிப் பிழைச்ச மாட்டோட பால்லயும் அரளியோட நஞ்சான ஓலியாண்ட்ரினைக் கண்டிருக்காங்க, அதனால டாக்டர் சொல்ற வரைக்கும் பாலைக் கறந்து கொட்டிடுங்க.

குப்பையை எரிக்காதீங்க, புகையும் ஆகாது. கையுறை போட்டு வெட்டி, அன்னைக்கே சாக்குல கட்டி, ஆடு மாடு கிளறாத ஆழத்துல புதைங்க. தண்ணித் தொட்டிக்கு மேல கிளை நீட்டிக்கிட்டு இருந்தா அதை முதல்ல வெட்டுங்க.

கொல்லைப்புறம்:
நன்றிங்க. கண் எரிச்சலுக்கு வெள்ளரளிப் பூவை இமை மேல வைக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரே?

இலையடுக்கு:
ஐயோ, அது நந்தியாவட்டை! ரெண்டும் வெள்ளைப் பூ, ரெண்டும் ஒரே குடும்பம், அதான் குழப்பம். இலையைப் பாருங்க. அரளியில் கணுவுக்கு மூணு இலை, ஒடுங்கி, தோல் மாதிரி தடிப்பா, நடுநரம்பிலிருந்து சீப்புப் பல் போல நெருக்கமான நரம்புகள். பூவின் தொண்டையில் கிழிந்த குஞ்சம் போல ஒரு விளிம்பு இருக்கும். நந்தியாவட்டைக்குக் கணுவுக்கு ரெண்டு இலை, அகலமா பளபளன்னு இருக்கும், இதழ் காற்றாடி போலத் திரும்பியிருக்கும், குஞ்சம் கிடையாது. மஞ்சள் அரளிக்கு இலை ஒன்றுவிட்டு ஒன்று, பூ மணி வடிவம், ஒடிச்சா வெள்ளைப்பால் சொட்டும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மஞ்சள் அரளியை எடுத்துடுறது நல்லது. பச்சைக் காய் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், விதைதான் கடும் விஷம். கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்தில் அரளிப் பூ கூடாதுன்னு நிறுத்தினாங்க. மாலைக்குக் கட்டுறது வேற, வாய்க்குள்ள போறது வேற.

இரவுப்பணி:
யாராவது மென்னுட்டா புளித்தண்ணி, உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க, செடியில ஒரு கொத்து கையோட எடுத்துட்டுப் போங்க. முதல்ல வாந்தி, வயித்துவலி, பேதின்னுதான் வரும். நாடி மெதுவாகி இதயத்துடிப்பு தடைபடுறது சில மணி நேரம் கழிச்சும் வரலாம். அதனால "வாந்தி நின்னுடுச்சு, வீட்டுக்குப் போறோம்"னு கிளம்பக்கூடாது, ஈசிஜி பார்த்து 24 மணி நேரமாவது வெச்சுப் பார்க்கணும். டிஜாக்சின்ங்கிற இதய மருந்து நஞ்சானா கொடுக்கிற முறிமருந்து அரளிக்கும் வேலை செய்யும், ஆனா விலை ரொம்ப அதிகம், எல்லா ஊர்லயும் கிடைக்காது.

கொல்லைப்புறம்:
மஞ்சள் அரளியை நாளைக்கே எடுத்துடுறேன். கடைசியா ஒண்ணு: செவ்வரளி இலையைப் பச்சைப் புழு மொட்டையடிக்குதே, அதுக்கு விஷம் ஏறாதா?

இலையடுக்கு:
தலைப்பக்கம் ரெண்டு நீலக்கண் மாதிரி புள்ளி இருந்தா அரளி அந்துப்பூச்சியோட புழு. இந்த விஷம் அதை ஒண்ணும் செய்யாது. கையால பொறுக்கிப் போட்டா போதும், மருந்தடிக்க வேண்டாம். நுனித்தளிர்லதான் பூ வரும், கவாத்து ஆனதும் புதுத்தளிர் வந்துடும்.