கார் ஷெட் மேல் சோலார்: ஐப்பசி வந்ததும் உற்பத்தி பாதியாகிவிட்டது, காரணம் என்ன?

வடவள்ளி வீடு:

வணக்கம். கோவை வடவள்ளியில் எங்கள் வீடு. வடக்குப் பார்த்த வாசல், கீழும் மேலுமாக இரண்டு தளம். மொட்டை மாடி முழுக்க அம்மாவின் கையில்: வத்தல், துணி, செடித்தொட்டி. அதனால் வீட்டின் வடகிழக்கு மூலையில், வாசலுக்கு முன்னால் இருக்கும் கார் ஷெட்டில் பேனல் போட்டோம். பழைய தகரத்தை எடுத்துவிட்டு, பேனலையே கூரையாக வைத்திருக்கிறது.

550 வாட் பேனல் ஆறு, மொத்தம் 3.3 கிலோவாட். வீட்டுச் சுவரை ஒட்டி மூன்று, கேட் பக்கம் மூன்று என்று இரண்டு வரிசை. எல்லாம் ஒரே ஸ்ட்ரிங்காக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தொடரில் இணைத்து, 3 கிலோவாட் இன்வர்ட்டருக்குப் போகிறது. பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் வந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் நெட் மீட்டர் வைத்தார்கள்.

மே மாதம் நல்ல வெயில் நாளில் 14 யூனிட் வந்தது. ஆடியில் மேகம் இருந்தும் 11, 12 பார்த்தோம். அக்டோபரில் குறைய ஆரம்பித்தது. இப்போது நவம்பர் கடைசி, துளி மேகம் இல்லாத நாளிலும் 6 யூனிட்தான். காலையில் நன்றாக ஏறுகிறது. பத்து மணி வாக்கில் திடீரென்று இறங்கி, நடுப்பகலில் 500, 600 வாட்டிலேயே நிற்கிறது. இன்வர்ட்டரில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால் "மழைக்காலம் சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார். பொள்ளாச்சியில் மச்சான் வீட்டிலும் இதே அளவுதான், மொட்டை மாடியில். அங்கே அதே நாளில் 12 வருகிறது. பேனல் போய்விட்டதா, இன்வர்ட்டரா? எங்கே தேடுவது என்று சொல்லுங்கள்.

ஈரோடு வெயில்:

பேனலைக் கழுவிப் பார்த்தீர்களா? ரோட்டோரம் என்றால் புகையும் தூசியும் ஒட்டிக்கொள்ளும். கேட் பக்கம் புறா எச்சம் இருந்தாலும் உற்பத்தி அடிபடும்.

வடவள்ளி வீடு:

கழுவினோம் அண்ணா. மழையும் நன்றாகப் பெய்திருக்கிறது. மேலே சுத்தமாகத்தான் இருக்கிறது.

தாராபுரம் டீச்சர்:

பேனல் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது? நம் ஊரில் தெற்குப் பார்த்துத்தானே வைக்க வேண்டும்? கார் ஷெட் என்றால் மழைத் தண்ணீர் வீட்டுச் சுவரில் விழாமல் இருக்க கேட் பக்கம் சரித்திருப்பார்கள். உங்கள் கேட் வடக்கே. அதனால் இருக்குமோ?

வடவள்ளி வீடு:

ஆமாம் டீச்சர், வடக்கே சரிவுதான். கையால் அளந்ததில் 5 டிகிரி போல இருக்கிறது.

பேனல் வேலை, திருப்பூர்:

டீச்சர் சொன்ன சரிவு ஒரு காரணம்தான், ஆனால் சின்னக் காரணம். 5 டிகிரி வடக்குச் சரிவால் டிசம்பர் நடுப்பகலில், தெற்கே அதே அளவு சரித்ததோடு ஒப்பிட்டால், பத்து சதவீதம் போலக் குறையும். கோடையில் அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்துவிடும். 12 வர வேண்டிய இடத்தில் 6 வருவதற்கு அது போதாது.

மூன்று விஷயம் சொல்லுங்கள் தம்பி. ஒன்று, நடுப்பகல் பன்னிரண்டே கால் மணிக்கு ஷெட்டின் மேல் வீட்டு நிழல் எங்கே வரை விழுகிறது? ஏணி வைத்துப் பார்க்க வேண்டாம், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாலே தெரியும், ஒரு படம் எடுங்கள். இரண்டு, பேனல் இருக்கும் உயரத்திலிருந்து கைப்பிடிச் சுவரின் உச்சி வரை எத்தனை அடி? மூன்று, அதே நேரத்தில் இன்வர்ட்டர் செயலியில் டிசி வோல்டேஜ், டிசி ஆம்பியர் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வாட் மட்டும் பார்த்தால் நோய் பிடிபடாது.

வடவள்ளி வீடு:

பார்த்துவிட்டேன் அண்ணா. சுவர் ஓரத்து மூன்று பேனலும் முழு நிழலில் இருக்கின்றன. கேட் பக்கம் மூன்றும் வெயிலில். உயரம் பதினான்கரை அடி. செயலியில் 245 வோல்ட், 2.3 ஆம்பியர்.

பேனல் வேலை, திருப்பூர்:

சரி, பேனலும் போகவில்லை, இன்வர்ட்டரும் போகவில்லை. இரண்டு விஷயம் ஒன்று சேர்ந்திருக்கிறது.

முதலில் நிழல். கோவை 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். வடக்கு வாசல் வீட்டின் முன்பக்கத்துக்கு அப்போது முழு வெயில். உங்களுக்கு மீட்டர் வைத்ததே ஏப்ரல் கடைசியில், அதனால் முதல் நான்கு மாதம் எந்தக் குறையும் கண்ணில் படவில்லை. அதன் பிறகு சூரியன் தெற்கே நகர, வீட்டு நிழல் கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கம் நீள்கிறது. இப்போது நடுப்பகலில் நிழல், சுவர் உயரத்தில் 0.6 பங்கு. பதினான்கரை அடிக்கு ஒன்பது அடி கிட்ட வரும். ஒரு பேனலின் நீளம் ஏழரை அடி. சுவருக்கும் பேனலுக்கும் ஒரு அடி இடைவெளி விட்டிருந்தால், முதல் வரிசை மொத்தமாகப் போய்விட்டது. டிசம்பர் 21 அன்று 0.69 பங்கு, அதாவது பத்து அடி. கேட் பக்க வரிசையிலும் ஒன்றரை அடி ஏறும். மதியம் மூன்று மணிக்கு இதைவிட நீளம். காலையில் சூரியன் தென்கிழக்கே இருப்பதால் நிழல் மேற்கே சாய்கிறது, உங்கள் ஷெட் கிழக்கு ஓரத்தில் இருப்பதால் தப்பிக்கிறது. பத்து மணி வரை நன்றாக ஏறுவது அதனால்தான்.

இரண்டாவதுதான் முக்கியம், இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. மூன்று பேனல் நிழலில் இருந்தால் மீதி மூன்று பாதி மின்சாரம் தர வேண்டும், அதாவது 1,300 வாட் போல. உங்களுக்கு 560தான் வருகிறது. ஏன்? நிழலில் இருக்கும் பேனலுக்கு வானத்து வெளிச்சம் மட்டும் கிடைக்கிறது, அதனால் 2 ஆம்பியர் போலத்தான் தர முடியும். ஆறும் ஒரே ஸ்ட்ரிங். இன்வர்ட்டர் ஆறு பேனல் வோல்டேஜான 245லேயே நின்றுகொண்டு, அந்த 2 ஆம்பியரையே எல்லாவற்றிலிருந்தும் எடுக்கிறது. அது வோல்டேஜை 120 வாக்கில் இறக்கினால், நிழல் பேனல்களில் உள்ள பைபாஸ் டையோடு என்ற மாற்றுப் பாதை திறந்து, மின்சாரம் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும். வெயிலில் இருக்கும் மூன்றும் முழு 11 ஆம்பியர் தரும். ஆனால் இன்வர்ட்டர், வாட் கூடுதலாகக் கிடைக்கும் வோல்டேஜைத் தேடும்போது, பக்கத்தில் கிடைத்த சின்ன உச்சியைப் பிடித்துக்கொண்டு, தள்ளி இருக்கும் பெரிய உச்சியைத் தேடுவதில்லை.

தேட வைக்க ஒரு அமைப்பு உண்டு. ஷேடோ ஸ்கேன், குளோபல் எம்பிபிடி என்று கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கும் (எம்பிபிடி என்பது அதிக வாட் கிடைக்கும் வோல்டேஜை இன்வர்ட்டர் தேடிப் பிடிக்கும் வேலை). பல மாடல்களில் அது அணைந்தே வரும். அதை ஆன் செய்யச் சொல்லுங்கள். சில இன்வர்ட்டர்களில் அதற்கு நிறுவுநரின் பாஸ்வேர்டு வேண்டும். மானியத் திட்டத்தில் போட்டவர் 5 ஆண்டு பராமரிப்புக்குப் பொறுப்பு, தயங்காமல் கூப்பிடுங்கள். உங்கள் இன்வர்ட்டரின் எம்பிபிடி வோல்டேஜ் எல்லை 100க்குக் கீழே தொடங்குகிறதா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். 120க்கு மேல்தான் வேலை செய்யும் என்றால் இந்த வழி நடக்காது.

ஈரோடு வெயில்:

அருமையான விளக்கம். ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாகக் கவனிக்கும் ஆப்டிமைசர் கருவியைப் போட்டுவிட்டால் மொத்தமும் சரியாகிவிடாதா?

பேனல் வேலை, திருப்பூர்:

ஆப்டிமைசர் நிழலுக்குள் வெளிச்சத்தைக் கொண்டு வராது. முழு நிழலில் இருக்கும் பேனலிலிருந்து அதற்குக் கிடைக்கும் 15, 20 சதவீதத்தை வீணாக்காமல் எடுத்துத் தரும், அவ்வளவுதான். இலை நிழல், கம்ப நிழல் மாதிரி அரைகுறை நிழல் நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும் வீட்டில் அதற்குச் செலவு செய்யலாம். இங்கே வேண்டாம்.

வடவள்ளி வீடு:

போட்டுக் கொடுத்தவர் வந்து அந்த அமைப்பை ஆன் செய்தார். எல்லை 80 வோல்ட்டிலிருந்து தொடங்குகிறது. இன்று பன்னிரண்டே கால் மணிக்கு 118 வோல்ட், 11 ஆம்பியர், 1,300 வாட்! நாள் முடிவில் எட்டரை யூனிட். ரொம்ப நன்றி அண்ணா.

ஆனால் மச்சான் வீட்டு 12 இன்னும் எட்டாத தூரம்தான். ஷெட்டை நான்கு அடி உயர்த்தினால் நிழல் குறையுமே, செய்யலாமா என்று வெல்டரைக் கேட்டேன். பைப்பை நீட்டி வெல்டு வைத்துத் தருகிறேன் என்கிறார்.

கட்டடப் பொறியாளர், திருச்சி:

தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை.

நான்கு அடி உயர்த்தினால் டிசம்பரில் நிழல் இரண்டே முக்கால் அடிதான் குறையும். முதல் வரிசை அப்போதும் நிழலில்தான் இருக்கும். அதற்காக நீங்கள் எடுக்கும் ஆபத்து பெரிது. கார் ஷெட்டுக்குச் சுவர் கிடையாது. காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும். எடையைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள்: ஆறு பேனலும் சேர்ந்து 170 கிலோ, அதைச் சாதாரணக் கம்பியே தாங்கும். காற்றைக் கணக்கிடுங்கள். கட்டடங்களின் மேல் விழும் சுமைகளுக்கான இந்தியத் தரநூல் ஐஎஸ் 875, அதன் மூன்றாம் பாகத்தில் கோவையின் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அதில் சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல் அழுத்தம் வரும். உங்கள் பேனல் பரப்பு பதினைந்தரை சதுர மீட்டர். தோராயமாக 1,400 கிலோ மேல்நோக்கி இழுக்கும், கூரை வடிவத்தைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். சென்னைக்கு அதே நூலில் 50 மீட்டர், அங்கே இழுப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் எப்படி வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், இது அம்மியை விட அகலமானது.

இந்த இழுப்பைத் தடுப்பது தூணின் அடியில் இருக்கும் கான்கிரீட்டின் எடைதான். நான்கு தூண் என்றால் ஒவ்வொன்றுக்கும் 350 கிலோ வேண்டும். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி நீளம், இரண்டரை அடி ஆழம் என்று குழி எடுத்து நிரப்பினால் 380 கிலோ போல வரும். உங்களுடையது அப்படி இருக்கிறதா, அல்லது தரை டைல்ஸ் மேல் பிளேட் வைத்து எக்ஸ்பான்ஷன் போல்ட் முடுக்கியதா? முதலில் அதைப் பாருங்கள். உயரம் கூடக் கூட தூணின் அடியில் விழும் வளைவு விசையும் கூடும். பைப்பை நடுவில் வெல்டு வைத்து நீட்டிய இடத்தில் கால்வனைஸ் பூச்சு எரிந்து துருவும் பிடிக்கும்.

வடவள்ளி வீடு:

பார்த்தேன் சார். தூணைக் குழி எடுத்துத்தான் நட்டிருக்கிறார்கள், கட்டும்போது எடுத்த படம் கைபேசியில் இருந்தது. உயர்த்தும் யோசனையை விட்டுவிட்டோம்.

வேறு ஒன்று யோசித்தோம். மாடிப்படி அறையின் மேல்தளம் 12 அடிக்கு 8 அடி, சும்மா கிடக்கிறது. தண்ணீர்த் தொட்டி அதன் மேல் இல்லை, தனியாகத் தாழ்வாக இருக்கிறது. சுவர் ஓரத்து மூன்று பேனலை மட்டும் அங்கே மாற்றலாமா? அம்மாவின் வத்தலுக்கும் இடைஞ்சல் இல்லை.

பேனல் வேலை, திருப்பூர்:

அதுதான் சரியான இடம். மூன்று பேனலை நெடுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதினோரு அடிக்கு ஏழரை அடி, கச்சிதமாக உட்காரும். அங்கே 10 டிகிரி தெற்கே சரித்து வையுங்கள். ஸ்ட்ரிங் ஒன்றாகவே இருக்கட்டும். 4 சதுர மில்லிமீட்டர் டிசி கேபிளில் போக வர 40 மீட்டர் கூடினாலும் இழப்பு ஒரு சதவீதத்தைத் தாண்டாது. நிழல் ஸ்கேனை அணைக்க வேண்டாம், மார்கழியில் கேட் பக்க வரிசையில் கொஞ்சம் நிழல் விழும்.

மூன்று எச்சரிக்கை. மாற்றும் வேலையை நிறுவியவரே செய்யட்டும், வாரண்டி போய்விடக் கூடாது. இடம் மாறுவதை ஈபி பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். டிசி ஐசொலேட்டர் சுவிட்சை அணைக்காமல், பேனல் கம்பிகளை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. ஆறு பேனலில் 300 வோல்ட் வரை இருக்கும், டிசி தீப்பொறி தானாக அணையாது.

கட்டடப் பொறியாளர், திருச்சி:

படி அறைதான் இனி வீட்டின் மிக உயரமான இடம். இடிதாங்கியும் அதற்குத் தனி எர்த்திங்கும் இருக்கிறதா என்று பாருங்கள், பேனல் சட்டத்துக்கும் எர்த் கம்பி ஓட வேண்டும். தளத்தில் துளை போட்டால் ஒழுகும். கான்கிரீட் கட்டைகளைத் தளக் கம்பியோடு சேர்த்து வார்த்து, ஓரத்தில் நீர்க்காப்புப் பூசச் சொல்லுங்கள்.

தாராபுரம் டீச்சர்:

ஷெட்டில் காலியாகும் இடத்துக்கு என்ன போடுவீர்கள்? கார் நனையுமே.

வடவள்ளி வீடு:

அங்கே மட்டும் பழைய தகரத்தையே திரும்பப் போடச் சொல்லியிருக்கிறோம் டீச்சர். பொங்கலுக்கு முன்னால் வேலையை முடித்துத் தருவதாக நிறுவியவர் சொல்லியிருக்கிறார். ஈபி அலுவலகத்தில் நாளைக்குக் கடிதம் கொடுக்கிறேன். முடிந்ததும் அளவுகளை இங்கே போடுகிறேன்.