பாட்டிப் புழு பட்டினி கிடந்தால் பேத்தி சூட்டை அதிகம் தாங்குமா?

தேன்மதி (கேள்வி):

வணக்கம். எலிகன்ஸ் என்ற சிறு உருளைப்புழுவை வளர்த்து ஆராயும் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு விஷயம் இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் பொறுப்பில் இருந்த என்2 (ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் வகை) புழுத் தட்டுகளில் நான்கைப் புதுத் தட்டுக்கு மாற்றாமல் விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் அவற்றின் தீனியான பாக்டீரியா சுத்தமாகக் காலி. தட்டில் ஊற்றியிருக்கும் அகர் கூழ் மேல் தூசி தூவியதுபோல எல்1 (பொரிந்ததும் வரும் முதல் பருவ) குஞ்சுகள், வளராமல் அப்படியே நின்றிருந்தன. தாய்ப்புழுக்கள் சில வெறும் தோல்பையாகக் கிடந்தன. முட்டைகள் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குஞ்சுகள் தாயைத் தின்று வெளியே வந்திருக்கின்றன. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஒரு துண்டு அகரை வெட்டிப் புதுத் தட்டில் வைத்தேன். தின்றன, வளர்ந்தன, முட்டை வைத்தன. அவற்றின் பேத்திகளை 35 டிகிரியில் வைத்துப் பார்த்தபோது, பட்டினியே அறியாத தட்டுகளைவிட இவை அதிகம் பிழைத்தன. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படித்தான். என் வழிகாட்டி, தட்டுக்குத் தட்டு வரும் வித்தியாசம் என்கிறார். பாட்டியின் பசி பேத்தி உடம்பில் தெரிய வாய்ப்பு உண்டா? இந்தப் புழுக்களை வேறு சோதனைக்கு எடுக்கும் முன் எத்தனை தலைமுறை ஊட்ட வேண்டும்?

கயல்:

தேன்மதி, முதலில் அந்தத் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் பார்த்ததை 2015-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ரையன் பாஹ் குழுவினர் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். எல்1 நிலையில் நீண்ட நாள் பட்டினி போட்டு, பிறகு சாப்பாடு கொடுத்தார்கள். பட்டினி கிடந்த புழுவுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. மெதுவாக வளர்ந்தது, சிறுத்துப்போனது, முட்டை குறைந்தது. இன்னொரு முறை பட்டினி போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் தளர்ந்தது. மகள்களும் சிறியவை, அவற்றுக்கும் குஞ்சுகள் குறைவு. ஆனால் அதே மகள்களும் பேத்திகளும் பட்டினியை நன்றாகத் தாங்கின. சூட்டைத் தாங்கும் திறன் கொள்ளுப்பேத்திவரை போனது.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்தத் திறன் எல்லாப் புழுக்களின் வழியிலும் வரவில்லை. பட்டினியால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட, குட்டையாக நின்றுவிட்ட புழுக்களின் வாரிசுகளுக்கு மட்டுமே வந்தது. எனக்கு இது புரிய எட்டு மாதம் பிடித்தது. பட்டினி போடுவேன், ஊட்டுவேன், மூன்றாம் தலைமுறையைச் சோதிப்பேன், ஒன்றுமே வராது. ஒருநாள் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே என் கையைக் கவனித்தேன். பிளாட்டினம் கம்பி தானாகவே கொழுத்த, சுறுசுறுப்பாக வளைந்து ஓடும் புழுவிடம் போகிறது. ஓரத்தில் மெலிந்து, பாக்டீரியாப் படலத்தின் விளிம்பில் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்ததை நான் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. எட்டு மாதமும் நான் தேடியதை நானே ஒதுக்கியிருக்கிறேன். நீங்கள் அகரைத் துண்டாக வெட்டி வைத்ததால் குட்டையானவையும் சேர்ந்து வந்துவிட்டன.

எப்படிக் கடத்தப்படுகிறது என்பதற்கு வருகிறேன். இந்தப் புழுவில் நம் உடம்பில் உள்ளதுபோல டி.என்.ஏ.வின் சைட்டோசின் எழுத்து மேல் மெத்தில் குறி (ஜீனை மாற்றாமல், அது எவ்வளவு வேலை செய்யும் என்பதை மாற்றும் சிறு வேதிக் குறி) கிடையாது. இங்கே முக்கிய வேலை செய்வது சிறு ஆர்.என்.ஏ.க்கள், அதாவது குறிப்பிட்ட ஜீன்களைத் தேடிப்போய் அடக்கும் குட்டி மூலக்கூறுகள். 2014-இல் ஓடெட் ரெக்காவி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலிவர் ஹோபர்ட்டுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பட்டினியால் மாறிய சிறு ஆர்.என்.ஏ.க்கள் மூன்றாம் தலைமுறையிலும் இருந்தன. அவற்றில் பல, ஊட்டச்சத்து சம்பந்தப்பட்ட ஜீன்களைக் குறிவைப்பவை. அந்த மூன்றாம் தலைமுறை அதிக நாள் வாழவும் செய்தது.

ஒரு தாய் சுமார் 300 முட்டை வைக்கும். பாட்டி கொடுத்த மூலக்கூறுகளை அப்படியே பங்கு போட்டுக்கொண்டே போனால், மூன்றாம் தலைமுறையில் ஒவ்வொன்றுக்கும் 2.7 கோடியில் ஒரு பங்குதான் கிடைக்கும். அப்படியும் கரையாமல் இருப்பதற்குக் காரணம், புழுவிடம் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதிகள் இருப்பதுதான். ஒவ்வொரு தலைமுறையும் புதுப் படி எடுத்துக்கொள்கிறது. இனச்செல்லின் (முட்டையும் விந்தும் உருவாகும் செல்) உட்கருவில் ஹெச்.ஆர்.டி.ஈ.-1 என்ற புரதம் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஊட்டும் கணக்கு: கொள்ளுப்பேத்திவரை விளைவு தெரிவதால், நான் நான்கு தலைமுறை வயிறார ஊட்டிய பிறகுதான் வேறு சோதனைக்கு எடுப்பேன். 20 டிகிரியில் இரண்டு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

மாறன்:

கயல் சொன்னது சரி. ஆனால் தேன்மதியின் வழிகாட்டியையும் தள்ளிவிட முடியாது. இரண்டு தட்டும் இன்குபேட்டரில் ஒரே அடுக்கில் இருந்தனவா? பாக்டீரியாப் படலம் ஒரே தடிமனா? சூட்டுச் சோதனையில் அரை டிகிரிகூடப் பெரிய வித்தியாசம் காட்டும்.

பலமானவை மட்டும் பிழைத்து, அவற்றின் ஜீன் தங்கிவிட்டது என்று யாராவது கேட்கலாம். என்2 தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும் வகை, எல்லாம் ஏறக்குறைய ஒரே ஜீன்தொகுப்பு. தேர்ந்தெடுக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒரே தாயின் முட்டைகளை இரண்டாகப் பிரித்து, பாதியை மட்டும் பட்டினி போட்டு மறுபடி செய்யுங்கள். தட்டுகளுக்கு எண்ணை வேறொருவர் போடட்டும். எது எந்தத் தட்டு என்று தெரியாமல் நீங்கள் எண்ணுங்கள். ஹெச்.ஆர்.டி.ஈ.-1 ஜீன் பழுதான புழுக்களிலும் இதையே செய்து பாருங்கள். அங்கே விளைவு காணாமல் போனால் கயல் சொன்ன வழிதான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அருள்:

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். மாணவர்கள் கேட்பார்கள் என்பதால் கேட்கிறேன்: மனிதருக்கும் இதுதானா? 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் வந்த பஞ்சத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன்.

கயல்:

அருள் சார், இரண்டையும் ஒன்றாக நடத்திவிடாதீர்கள். அந்தப் பஞ்ச காலத்தில் கருவானவர்களுக்கு, அறுபது வருஷம் கழித்தும், வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐ.ஜி.எஃப்.2 ஜீனில் மெத்தில் குறி குறைவாக இருந்தது என்று 2008-இல் காட்டினார்கள். ஆனால் அவர்கள் கருப்பையில் இருந்தபடி நேரடியாகப் பசியை அனுபவித்தவர்கள். பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போனது என்று சொல்ல அது போதாது. அதோடு, பாலூட்டிகளில் இந்தக் குறிகளில் பெரும்பகுதி இனச்செல் உருவாகும்போது ஒரு தடவை, கரு உருவானதும் இன்னொரு தடவை துடைக்கப்படுகிறது.

புழுவில் கணக்கு தெளிவாக இருக்கிறது. பொரிந்த எல்1 குஞ்சின் உடம்பில் இனச்செல்லாகப் போகும் செல்கள் இரண்டே இரண்டு. குஞ்சு பட்டினி கிடக்கும்போது அந்த இரண்டும் சேர்ந்துதான் பட்டினி கிடக்கின்றன. அதனால் மகளைப் பசியே அறியாதவள் என்று சொல்ல முடியாது. பேத்தியிலிருந்துதான் சொல்லலாம். கரும்பலகையில் அந்த இரண்டு செல்லையும் வரைந்து காட்டுங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

தேன்மதி:

எல்லோருக்கும் நன்றி. கயல் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேராக ஆய்வகத்துக்குப் போனேன். பட்டினித் தட்டு ஒன்று மிச்சம் இருந்தது. அதிலிருந்து எடுத்து ஊட்டியவை மூன்றாம் நாளில் இரண்டு அளவாகத் தெரிந்தன. பெரியவற்றின் வயிற்றில் முட்டைகள் வரிசையாக நின்றன. சிறியவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்தச் சிறியவற்றில் இருபதைத் தனித்தனித் தட்டில் போட்டேன், பெரியவற்றில் இருபதை அப்படியே. மாறன் அண்ணா சொன்னபடி பக்கத்து மேசைத் தோழி எண் போட்டுவிட்டாள், எது எது என்று எனக்குத் தெரியாது. வழிகாட்டியிடமும் சொன்னேன். இந்த முறை அவரே வந்து நுண்ணோக்கியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பேத்திகள் வந்ததும் 35 டிகிரியில் வைத்து, எண்ணிக்கையை இங்கேயே போடுகிறேன்.