கேண்டிடா ஆரிஸ்: மருந்துக்கு மசியாத கிளேடுதான் அதிக வீரியமானதா?

மைக்ரோ_மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி ரெண்டாவது வருஷம், செமினாருக்கு கேண்டிடா ஆரிஸ்ங்கற, ஆஸ்பத்திரியில தொற்று உண்டாக்கற ஈஸ்டை எடுத்திருக்கேன், ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ஒரே ஈஸ்ட்தான், ஆனா ஜப்பான், கொரியா பக்கத்து கிளேடு 2 (கிளேடுன்னா ஒரே இனத்துக்குள்ள தனியா பிரிஞ்ச கிளை) பெரும்பாலும் காதுலதான் கிடைக்குது, ஃப்ளூகோனசோல்ங்கற பூஞ்சை மருந்துக்கும் நிறைய ஐசோலேட் (பிரிச்செடுத்த மாதிரி) கட்டுப்படுது. தெற்காசியாவோட கிளேடு 1 ரத்தத்துக்குள்ள போயிடுது, ஐசியூவுல பரவுது, ஃப்ளூகோனசோல் குடுத்தா அசையவே மாட்டேங்குது. அப்ப ரெசிஸ்டன்ஸ் வந்ததாலதான் விருலன்ஸும் கூடுச்சா? கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, எனக்கு மனசு ஒப்பல. தெரிஞ்சவங்க விளக்குங்க ப்ளீஸ்.

லேப்_பெஞ்ச்:

ஒப்பாததே நல்லதுமா, ரெண்டும் வேற வேற விஷயம். ரெசிஸ்டன்ஸ்ங்கறது மருந்துக்கு முன்னாடி அது தாக்குப் பிடிக்குறது, விருலன்ஸ்ங்கறது உடம்புக்குள்ள போய் அது பண்ற சேதம்.

முதல்ல ரெசிஸ்டன்ஸ். ஈஸ்டோட சவ்வுக்கு எர்கோஸ்டீரால் வேணும், அதை செய்யற எர்க்11 என்சைமைத்தான் ஃப்ளூகோனசோல் பிடிச்சு நிறுத்துது. கிளேடு 1ல அந்த என்சைமோட 132 இல்ல 143வது அமினோ அமிலம் மாறியிருக்கும், தென்னாப்பிரிக்கா கிளேடு 3ல 126வது இடம், மாறினதும் மருந்து சரியா ஒட்டாது. இடம் வேற வேறயா இருக்கு பாருங்க, அப்படின்னா ஒரு ஊர்ல உருவாகி உலகம் முழுக்க போனது இல்ல, ஒவ்வொரு பகுதியிலயும் தனியா உருவாகியிருக்கு. 2017ல வந்த ஜீனோம் ஆய்வும் இதைத்தான் சொல்லுது, கிளேடுகளுக்கு நடுவுல பல்லாயிரம் எஸ்என்பி (டிஎன்ஏவுல ஒற்றை எழுத்து மாற்றம்) வித்தியாசம், ஒரு கிளேடுக்குள்ள பாத்தா ரொம்ப கம்மி.

இப்ப விருலன்ஸ். 2016ல பிரிட்டன் ஐசோலேட்டுகளை கேலேரியாங்கற அந்துப்பூச்சிப் புழுவுல ஊசி போட்டுப் பாத்தாங்க. சில ஸ்ட்ரெயினை சலைன்ல கலக்கி என்னதான் குலுக்கினாலும் செல்லுங்க பிரியாது, குழாயில கட்டி கட்டியா கண்ணுக்கே தெரியும். சிலது பால் மாதிரி சமமா கலங்கிடும். கட்டி சேராத ரகம்தான் புழுவை அதிகமா கொன்னுச்சு, கிட்டத்தட்ட கேண்டிடாவோட இன்னொரு இனமான அல்பிகன்ஸ் அளவுக்கு. அதாவது ஒரே இனத்துக்குள்ளேயே செல்லு பிரியுதா ஒட்டுதாங்கற குணம் விருலன்ஸை மாத்திடுது, அதுக்கு எர்க்11 தேவையே படல.

ஐசியூ_நைட்ஷிப்ட்:

லேப் சார் சொன்னதோட வார்டு பக்கத்தையும் சேத்துக்கோங்கம்மா. பரவுறதுங்கறது மூணாவது விஷயம், அதையும் விருலன்ஸ்னு எழுதிடாதீங்க. ஆரிஸ் தோல்லயே மாசக்கணக்கா உக்காந்திருக்கும், பேஷண்டுக்கு ஒண்ணுமே இருக்காது, அக்குள்லயும் தொடை இடுக்குலயும் ஸ்வாப் எடுத்தாத்தான் தெரியும். காஞ்ச பரப்புல கூட வாரக்கணக்குல உயிரோட இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு நரம்பியல் ஐசியூவுல பரவுனதைப் பத்தி 2018ல பேப்பர் வந்துச்சு, எழுபது பேருக்கு ஒட்டியிருந்துச்சு, தேடித் தேடிப் பாத்தா திரும்பத் திரும்ப பயன்படுத்தற அக்குள் டெம்பரேச்சர் ப்ரோப்! அதை எடுத்த பிறகுதான் கேஸ் குறைஞ்சுது. எழுபதுல பெரும்பாலானவங்களுக்கு நோயே வரல, தோல்ல இருந்துச்சு அவ்வளவுதான். ஆனா நோய் வந்துட்டா ஒவ்வொரு கேஸும் எங்களுக்கு வயித்தைக் கலக்குற விஷயம், ஏன்னா அந்த பேஷண்ட் ஏற்கனவே சென்ட்ரல் லைன், வென்டிலேட்டர், ஆன்டிபயாட்டிக்னு எல்லாத்தையும் பாத்துட்டு வந்திருப்பாரு. ரத்தத்துல வந்தா நூத்துக்கு 30லேர்ந்து 60 பேர் வரை இறந்துடறாங்கன்னு எழுதறாங்க, அதுல எவ்வளவு ஆரிஸால, எவ்வளவு ஏற்கனவே இருந்த நோயாலன்னு பிரிக்கறது கஷ்டம். தயவுசெஞ்சு அந்த எண்ணை விருலன்ஸ் ஸ்லைடுல போடாதீங்க.

இன்னொண்ணு, க்வாட்டர்னரி அமோனியம் கிளீனர் மட்டும் போட்டு துடைச்சா போதாது, குளோரின் வகை வேணும்.

மைக்ரோ_மாணவி:

ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. ஒரு சந்தேகம், ரெசிஸ்டன்ஸ் வந்தா ஃபிட்னஸ் (வளந்து பெருகற திறன்) குறையும்னு பாக்டீரியா பாடத்துல படிச்சோமே, ஈஸ்டுலயும் அப்படியா? அப்புறம் மத்த கேண்டிடாவுல இந்த நாட்டு வித்தியாசம் இருக்கா?

லேப்_பெஞ்ச்:

ரெண்டு பக்கமும் உதாரணம் இருக்கு, அதான் இந்த டாபிக் இவ்வளவு சுவாரஸ்யம். அல்பிகன்ஸ்ல செல்சுவர் செய்யற எஃப்கேஎஸ்1 ஜீன் மாறி, எகினோகேண்டின் வகை மருந்தான காஸ்போஃபன்ஜினுக்கு எதிர்ப்பு வந்த ஸ்ட்ரெயின்களை சோதிச்சப்ப செல்சுவர் தடிச்சு, எலியில நோய் உண்டாக்கற திறன் குறைஞ்சுது. கிளாப்ரேட்டாங்கற இன்னொரு கேண்டிடாவுல அப்படியே உல்டா, பிடிஆர்1 ஜீன்ல மாற்றம் வந்து பம்ப் நிறைய வேலை செஞ்சு ஃப்ளூகோனசோலை வெளிய தள்ளற ஸ்ட்ரெயின்கள் எலியில இன்னும் மோசமா நடந்துக்குச்சுன்னு 2009ல காட்டினாங்க. ஆகவே ரெசிஸ்டன்ஸ்னு பொதுவா சொல்லாம எந்த ஜீன், எந்த இனம்னு கேக்கணும்.

நாட்டு வித்தியாசம் எக்கச்சக்கம். வட ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் அல்பிகன்ஸுக்கு அடுத்து கிளாப்ரேட்டா, தென் ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா பக்கம் பாராப்ஸிலோசிஸ், இந்திய ஐசியூக்கள்ல ட்ராபிகாலிஸ். பாராப்ஸிலோசிஸ்லயும் எர்க்11ல அதே 132வது இட மாற்றம் வந்து ஆஸ்பத்திரிகளுக்குள்ள பரவியிருக்கு, இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, பிரேசில், தென்னாப்பிரிக்கான்னு வரிசையா ரிப்போர்ட் இருக்கு.

சதவீதங்களை ஒப்பிடறப்ப கவனம் வேணும். அமெரிக்க ஆரிஸ் ஐசோலேட்டுல சுமார் 90% ஃப்ளூகோனசோலுக்கு, 30% ஆம்ஃபோடெரிசினுக்கு, 5%க்கும் கீழ எகினோகேண்டினுக்கு ரெசிஸ்டன்ட்னு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி எழுதுது. அதுல ஃப்ளூகோனசோலுக்குப் பயன்படுத்தற எம்ஐசி (வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைஞ்சபட்ச மருந்து அளவு) 32ங்கற கோடே தற்காலிகமானது. அமெரிக்க முறையில ஒரு நாடும் ஐரோப்பிய முறையில இன்னொரு நாடும் டெஸ்ட் பண்ணா ரெண்டு எண்ணையும் ஒரே கிராஃப்ல போட முடியாது. கிருமியை அடையாளம் காட்டற பழைய விடெக் மெஷின் ஆரிஸை ஹெமுலோனியைங்கற வேற இனம்னு காட்டுன காலம் வேற இருக்கு, மால்டி-டாஃப் (புரதத்தை வெச்சு இனத்தைக் கண்டுபிடிக்கற கருவி) இல்லாத இடத்துல கேஸே இல்லைன்னு சொன்னா நம்பாதீங்க.

மண்ணும்_காளானும்:

தாமதமா வந்தேன், ஒரு விஷயம் மட்டும் சேக்கறேன். ஒரே சமயத்துல பல கண்டத்துல ஏன் தலைகாட்டுச்சுன்னு செமினார்ல நிச்சயம் கேப்பாங்க. 2019ல கசடேவால்ங்கற ஆய்வாளரோட குழு பூமி சூடாகறதோட சம்பந்தப்படுத்தி ஒரு கருதுகோள் வெச்சாங்க, சுத்துப்புறத்துல இருந்த பூஞ்சை வெப்பத்துக்குப் பழகி நம்ம 37 டிகிரியைத் தாண்டிடுச்சுங்கறாங்க, ஆரிஸ் 42லயும் வளருது. 2021ல அந்தமான்ல ஆளரவமில்லாத உப்புச் சதுப்பு நிலத்துலயும் ஒரு கடற்கரையிலயும் ஆரிஸ் எடுத்தாங்க. சதுப்புல கிடைச்ச ஒண்ணு மருந்துக்குக் கட்டுப்பட்டுச்சு, அதிக வெப்பத்துல மெதுவாத்தான் வளந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடி ஆரிஸ் எப்படி இருந்திருக்கும்ங்கறதுக்கு நமக்குக் கிடைச்ச அருமையான தடயம் அது, விட்டுடாதீங்க. ஆனா நிரூபணம்னு எழுதாதீங்க, கருதுகோள்னே எழுதுங்க. வயல்ல அடிக்கற அசோல் மருந்தையும் (ஃப்ளூகோனசோல் சேந்த வகை) காரணமா சொல்வாங்க, அதுக்கு வலுவான ஆதாரம் இருக்கறது ஆஸ்பெர்ஜிலஸ்ங்கற வேற பூஞ்சைக்கு, அதை ஆரிஸ் மேல அப்படியே தூக்கி வெக்கக் கூடாது.

ஈரான் கிளேடு 5, சிங்கப்பூர்ல கண்டுபிடிச்ச கிளேடு 6 ரெண்டையும் சேத்துக்கோங்க, நாலு கிளேடுன்னு சொல்ற பழைய ரிவ்யூவோட நிறுத்திடாதீங்க. புது பேப்பர் தேடறப்ப கேண்டிடோஸைமா ஆரிஸ்னும் போட்டுப் பாருங்க, இப்ப அந்தப் பேர்லயும் வருது.