மொட்டமாடில சிட்டுக்குருவிக்கு வச்ச கம்ப அணிலும் புறாவும் காலி பண்ணுது, என்ன செய்யலாம்?

கூடல்நகர் குருவி:
வணக்கம். ரெண்டு லிட்டர் பாட்டில்ல ஓட்ட போட்டு மரக்கரண்டி சொருகி, கம்பும் தினையும் நெரப்பி மாடில கொடிக்கம்பில தொங்கவிட்டுருக்கேன். பக்கத்து வீட்டு முருங்கமரத்துலருந்து அணில் கம்பி மேலயே ஓடியாந்து தலகீழா தொங்கித் திங்கிது, இப்ப ஓட்டையவே கடிச்சுப் பெருசாக்கிருச்சு, கம்பு பூராம் கீழ கொட்டுது, கொட்டுனதுக்கு மாடப்புறா கூட்டமா எறங்குது. போதாததுக்கு மைனா வேற. எங்க அத்தை தெனமும் காக்காக்கு சோறு வைக்கிறதும் அதே கைப்பிடிச் சுவர்லதான், காக்கா ஒக்காந்துட்டா குருவி கிட்டயே வரமாட்டேங்குது. சோறு வைக்காதீங்கன்னு அத்தைகிட்ட சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். யாரையும் பட்டினி போடணும்னு இல்ல, குருவிக்கு அது பங்கு கெடைக்கணும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

திருநகர்க்காரன்:
தங்கச்சி, மொதல்ல கொடிக்கம்பிலருந்து கழட்டிருங்க, அணிலுக்கு அது ரோடு மாதிரி. பெயிண்ட் வாளில சிமெண்ட் கலவை போட்டு ஒரு ஜிஐ இரும்பு பைப்ப நட்டு, தீனிய அது உச்சில மாட்டி, மரம் சுவர் தண்ணித்தொட்டி எல்லாத்துலருந்தும் ஏழெட்டு அடி தள்ளி வைங்க. பைப்புல பாதி ஒசரத்துல பழைய டப்பா ஒன்ன கவுத்து மாட்டுனா ஏறி வர்ற அணில் அதுக்குள்ள முட்டிக்கிட்டு எறங்கிரும். கிரீஸ் தடவச் சொல்வாங்க, தயவுசெஞ்சு வேணாம், ரோமத்துலயும் எறகுலயும் ஒட்டுனா அதுகளால சுத்தம் பண்ணிக்கவே முடியாது. புறாவுக்கு, ஒன்றரை இஞ்ச் கண்ணு உள்ள வெல்ட்மெஷ் கம்பிவலைய கூண்டா வளச்சு நடுவுல தட்ட வைங்க, குருவி உள்ள போயிரும், புறா மைனா கிளி எதுவும் நுழையாது. ஆனா நம்மூரு அணில் சின்னது, அந்தக் கண்ணுல புகுந்துரும், அதனால டப்பாவும் வேணும் கூண்டும் வேணும்.

மேலூர் ரோடு தோட்டம்:
அண்ணே சொன்னது சரி. இன்னொன்னு, மைனா தேடி வர்றது கம்புக்கு இல்ல, அத்தை வைக்கிற சோத்துக்கு. சோத்த மாடியோட அடுத்த மூலைக்கு மாத்துனா காக்காவும் மைனாவும் அங்கிட்டுப் போயிரும், குருவி பைய இங்கிட்டு வரும். பாட்டில ரொப்பி வைக்காதீங்க, காலைல ஒரு கை, சாயங்காலம் ஒரு கை, மிச்சம் விழலன்னா புறாவுக்கு அங்க வேல இல்ல. அறுப்புக் காலத்துல மேலூர், வாடிப்பட்டி பக்கம் நெல்லுக்கதிர் கெடைக்கும், கொத்தா கட்டி தாழ்வாரத்துல தொங்கவிடுங்க, குருவி கதிரையே புடிச்சுத் தொங்கி ஒவ்வொரு நெல்லா உரிச்சுத் திங்கும், உமி பொலபொலன்னு உதுரும், பாக்கவே அவ்வளவு அழகு! புறாவுக்கு அப்படித் தொங்க வராது. அணிலுக்கு, தானியத்துல மொளகாத்தூள் கலக்குறது ஒரு வழி. பறவைக்குக் காரம் ஒறைக்காது, கிளி பச்சமொளகாய கொத்தித் திங்கிறத பாத்துருப்பீங்க, அணிலுக்குத்தான் எரியும்.

பசுமலை டீச்சர்:
மொளகாத்தூள் எனக்குச் சம்மதமில்ல, காத்துல பறந்து கண்ணுல விழும், குருவிக்கும்தான். தடுப்பு வச்சா போதும். அதோட தானியத்த மட்டும் நம்பாதீங்கம்மா, குருவிக்குஞ்சு வளர்றது புழு பூச்சிலதான், அதனால மாடில செம்பருத்தி, அவரைக்கொடின்னு நாலு தொட்டி வச்சு மருந்தடிக்காம விடுங்க, காக்கா வந்தா ஒளியவும் எடமிருக்கும். கூடு பெட்டி மாட்டுனா ஓட்ட ஒன்னேகால் இஞ்ச் இருக்கட்டும், பெருசா இருந்தா மைனா புடிச்சுக்கும். மிக்சர், உப்புப் போட்டது எதுவும் வேணாம். மண்சட்டில தண்ணி வைங்க, நாலு நாளைக்கு ஒருக்கான்னு இல்லாம தெனம் கழுவி மாத்துங்க, டெங்கு கொசு நல்ல தண்ணிலதான் முட்ட போடும். புறா எச்சத்த காஞ்ச பெறகு வெறுமனே கூட்டாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தண்ணி தெளிச்சு மூக்கக் கட்டிக்கிட்டு வழிங்க.

கூடல்நகர் குருவி:
ரொம்ப நன்றி டீச்சர், அண்ணே. மொளகாத்தூள் வேணாம், பைப்பும் கூண்டும் செய்யச் சொல்லிட்டேன். அத்தைகிட்ட எடம் மாத்துறத பத்திக் கேட்டேன், கெழக்கு மூலைன்னா சரின்னுட்டாங்க. அணிலுக்கு மட்டும் என்ன வைக்க?

திருநகர்க்காரன்:
முருங்கமரத்துப் பக்கச் சுவர்ல ஒரு கொட்டாங்கச்சில வறுக்காத நிலக்கடலையும் கொய்யாத் துண்டும் வைங்க தங்கச்சி. குருவிக்குப் போடுறதுக்கு முன்னாடியே வச்சிரணும்.