புதுப்பிப்பு: 10 சக்கர கன்டெய்னர் லாரி மைலேஜ் லிட்டருக்கு 3.6 கி.மீ.யிலிருந்து 4.2

நாமக்கல் – நாக்பூர் ஓடும் என் பிஎஸ்4 வண்டிக்கு மைலேஜ் கூட, சிப் ட்யூனிங் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றுவது) போடலாமா, கேபின் மேலே டிஃப்ளெக்டர் (எதிர்க்காற்றைத் திருப்பிவிடும் தகடு) வைக்கலாமா என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி.

"காசு செலவழிக்கும் முன்னாடி இன்டர்கூலர் ஹோஸைப் பாரு" என்று ஒரு அண்ணன் எழுதினாரே, அதுதான் பலித்தது. டர்போ அழுத்தி அனுப்பும் காற்றை, குளிரவைக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குக் கொண்டுபோகும் குழாய் அது. கிளாம்புக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு; சுற்றிலும் எண்ணெய்க் கசிவு. டர்போ காற்று அந்த வெடிப்பு வழியாகத்தான் வீணாக வெளியே போயிருக்கிறது. ஹோஸ் மாற்றியதும் கரும்புகை நின்றது. ஃபுல் டேங்க் கணக்கில் 3.9 வந்தது.

அடுத்து வீல் அலைன்மென்ட், முன் சக்கரம் இரண்டுக்கும் புது ரேடியல் டயர். பிறகு டிஃப்ளெக்டர். மூன்றும் சேர்ந்து 4.2. கன்டெய்னர் கேபினைவிட உயரம் என்பதால் டிஃப்ளெக்டர் எனக்குப் பயன்பட்டது. தாழ்ந்த பாடிக்கு வைத்தால் காற்றுத் தடைதான் கூடும்.

எதிர்பாராதது: தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு இறங்கிய வண்டி, அதே லோடோடு இப்போது நான்காவதில் ஏறுகிறது. சிப் போடவில்லை, இனி தேவையுமில்லை. டீசல் லைனில் மாட்டும் காந்தத்துக்கு மட்டும் யாரும் பணம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், ஒரு சொட்டு மிச்சமாகவில்லை.