கார்ப்பரேட் ஃபைனான்ஸ் அடிப்படை: செட்டிநாட்டுக் கணக்குகளில் கண்டதைப் பகிருங்கள் (ஒவ்வொரு பதிலின் மேலும் இருப்பது எழுதியவரின் ஊர்)

காரைக்குடி:
படிக்க வருகிற பிள்ளைகள் பலர் நேரே பங்கு மதிப்பீட்டுக்குத் தாவுகிறார்கள். அதற்கு முன், லாபம் வேறு ரொக்கம் வேறு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடணும். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் சாயமும் சிமெண்டும் வார்த்த கல், தண்ணீரில் ஊறி, காய்ந்து, லாரி ஏற 30 நாள் என்று வையுங்கள். கான்ட்ராக்டர் பணம் தர 45 நாள். சிமெண்ட் கடையில் நமக்குக் கடன் 15 நாள். 30, 45 இரண்டையும் கூட்டி 15ஐக் கழித்தால் 60 நாள். வருடச் செலவு 36.5 லட்சம் என்றால் நாளுக்கு 10,000; ஆக, தோராயமாக 6 லட்சம் எந்நேரமும் முடங்கிக் கிடக்கும். வசூல் 75 நாளுக்கு இழுத்தால் இன்னும் 3 லட்சம் வேண்டும். லாப நட்டக் கணக்கில் இந்த 3 லட்சம் கண்ணில் படாது. ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) வரவேண்டிய பாக்கி என்று உட்கார்ந்திருக்கும். வியாபாரம் இரட்டித்தால் முடக்கமும் இரட்டிக்கும். ஆர்டர் குவிந்தும் சனிக்கிழமைக் கூலிக்குத் திண்டாடுகிற பட்டறைகளில் நடப்பது இதுதான்.

தேவகோட்டை:
அண்ணன் சொன்னதோடு வட்டியையும் பழகணும். 'ஒன்றரை வட்டி' என்றால் நூறுக்கு மாதம் ஒன்றரை ரூபாய், வருடம் 18 சதவீதம். வண்டிக் கடனில் '10 சதவீதம் பிளாட்' என்பார்கள்: 1 லட்சம், 3 வருடம், மாதம் 3,611. அசல் குறைந்தாலும் வட்டி குறையாததால் அதுவும் கிட்டத்தட்ட 18தான்! எக்செல் ரேட் (RATE) ஃபங்ஷனில் 36, -3611, 100000 போட்டு, விடையை 12ஆல் பெருக்கினால் தெரிந்துவிடும்.

கண்டனூர்:
மெஷின் வாங்கலாமா என்பதையும் அந்த வட்டி விகிதம்தான் தீர்க்கும். விலை 10 லட்சம், 5 வருடம், ஆண்டுக்கு 3 லட்சம் ரொக்கம். வரப்போகிற ரொக்கத்தை 12 சதவீத வட்டி கழித்து இன்றைய மதிப்பாக்கினால் 10.81 லட்சம்; விலையைவிட அதிகம், வாங்கலாம். 16 சதவீதத்தில் 9.82 லட்சம், கூடாது. போட்ட பணம் 3 வருடம் 4 மாதத்தில் திரும்பும் என்பது இரண்டிலும் ஒன்றே. அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. இந்த 3 லட்சம் ரொக்கத்துக்குப் பதில், தேய்மானம் (மெஷின் தேய்வதற்காக ஏட்டில் எழுதும் செலவு) கழித்த லாபத்தைப் போடுகிறார்கள், அது தப்பு. தேய்மானத்தில் ரொக்கம் வெளியே போவதில்லை, வரியைக் குறைக்கும், அவ்வளவே. சொந்த முதலுக்கு வட்டி இல்லை என்று விடுவதும் தப்பு. அந்தப் பணம் வேறெங்கே என்ன ஈட்டியிருக்குமோ, அதுதான் அதன் விலை.

கானாடுகாத்தான்:
பர்மாவில் செட்டியார்கள் நடத்திய வட்டிக் கடைகளின் கதையைப் பாடமாகவே வைக்கணும் என்பேன். 1930களின் தொடக்கத்தில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மா நெல் நிலத்தில் செட்டியார்கள் கையில் இருந்தது 1930இல் சுமார் 6 சதவீதம், 1937 வாக்கில் சுமார் 25. ஏட்டில் சொத்து இருந்தது, பெட்டியில் ரொக்கம் இல்லை. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. பர்மாவின் சுதந்திரத்துக்குப் பின் நிலம் தேசியமயமானது.

அதனால், நடப்பு விகிதம் (நடப்புச் சொத்தை நடப்புக் கடனால் வகுத்தது) 2 இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். ஒவ்வொரு சொத்துக்கும் எதிரே அது ரொக்கமாக எத்தனை நாள், ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கட்ட எத்தனை நாள் என்று எழுதுங்கள். 6 மாதம் தாண்டிய பாக்கியை நீக்கிவிட்டு விகிதத்தைத் திரும்பப் போடுங்கள்.

காரைக்குடி:
அந்தப் பாக்கி வயதைத் தேடி அலைய வேண்டாம். 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனி ஆண்டறிக்கையின் குறிப்புகளில் அதைக் கொடுப்பது கட்டாயம்: 6 மாதத்துக்குள், 6 மாதம் முதல் 1 வருடம், 1 முதல் 2, 2 முதல் 3, அதற்கும் மேல். கடைசி இரண்டு கட்டங்களை முதலில் பாருங்கள்.