'புல ஆழம்' மட்டும் போதாது: ஜப்பானியத்தில் ஏன் இரண்டு சொல்?

> புகைப்படத்தில் பொருளுக்கு முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரத்துக்குத் (depth of field) தமிழில் 'புல ஆழம்' என்று வைத்துவிடலாம். 'குவிய ஆழம்' (depth of focus) என்றாலும் அதேதானே?

இல்லை, இரண்டும் வேறு. ஜப்பானியத்தில் முன்னது 'ஹிஷாகாய் ஷிந்தோ', பின்னது 'ஷோடென் ஷிந்தோ'. ஷிந்தோ என்றால் ஆழம், ஷோடென் என்றால் குவியம். முன்னது கேமராவுக்கு வெளியே, பொருளின் பக்கம் அளப்பது. பின்னது கேமராவுக்குள்ளே: உணரி (படத்தைப் பதியும் சில்லு) எவ்வளவு தூரம் வரை முன்பின் நகர்ந்தால் படம் மங்காமல் இருக்கும் என்ற அளவு.

முழுச்சட்டக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், துளை எஃப்/2.8, பொருள் 3 மீட்டரில், ஏற்கத்தக்க மங்கல் வட்டம் (ஒரு புள்ளி இந்த அளவுக்குப் பரவினாலும் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும்) 0.03 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 2.73 மீட்டரிலிருந்து 3.33 மீட்டர் வரை தெளிவு. அதாவது 60 செ.மீ. உள்ளே கிடைப்பதோ சுமார் 0.17 மி.மீ.தான். இப்போது 20 மி.மீ. லென்ஸை மாட்டுங்கள். வெளியே 1.85 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை விரிந்துவிடும். உள்ளே அதே 0.17தான், ஏனென்றால் அது துளை எண்ணையும் மங்கல் வட்டத்தையும் மட்டுமே பெரும்பாலும் நம்பியிருக்கிறது (இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் போதும்).

பழுது பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மவுண்டின் (கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையம்) அடியில் வைக்கும் தகடு 0.1 மி.மீ. தடித்துப்போனால், 20 மி.மீ. லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்தாலும் அது 4 மீட்டரில்தான் குவியும். தொலைவிலுள்ள மலை மங்கும். 50 மி.மீ. லென்ஸில் அதே பிழை குவியும் தூரத்தை 25 மீட்டருக்குக் கொண்டுவரும். 20 மி.மீ. போன்ற அகலக் கோண லென்ஸ் எதையும் பொறுத்துக்கொள்ளும் என்று நினைப்பவர் இங்கேதான் சறுக்குவார். சேவைக் கையேட்டில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் 60 செ.மீ.யும் 0.17 மி.மீ.யும் ஒன்றாகிவிடும்.

'புலம்' ஏற்கெனவே காந்தப்புலம், பார்வைப்புலம் என்று சுமை தாங்கி நிற்கிறது. ஜப்பானியர் வெறும் புலத்தோடு நிற்கவில்லை. 'ஹிஷாகாய்' என்பதில் 'ஹி' செயப்பாட்டைக் காட்டும் முன்னொட்டு, 'ஷா' ஷாஷின் (புகைப்படம்) என்பதில் வரும் அதே எழுத்து, 'காய்' வெளி. 'படம்பிடிக்கப்படும் வெளியின் ஆழம்' என்று சொல்லே பக்கத்தைக் காட்டிவிடுகிறது. தமிழில் 'படப்புல ஆழம்' வேண்டாம், 'படம்' உணரிப் பக்கம் இழுக்கும். 'காட்சிப்புல ஆழம்' என்பது என் பரிந்துரை. உள்ளே இருப்பதற்குக் 'குவிய ஆழம்'.

ஜப்பானிய மூலத்திலிருந்து நேரடியாகப் பெயர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நுண்ணோக்கி ஆவணங்களில் மாதிரியின் பக்கத்து ஆழத்தையே 'ஷோடென் ஷிந்தோ' என்று எழுதுவது வழக்கம். அங்கே சொல்லைப் பார்க்காமல் எந்தப் பக்கம் அளந்திருக்கிறார்கள் என்று பார்த்துக் 'காட்சிப்புல ஆழம்' என்றே போடுங்கள்.